பாத்திரம் தேய்க்கும் மெஷினைத் தேய்த்த கதை

பாத்திரம் தேய்க்கும் இயந்திரத்தை வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் சென்ற வாரம் குறிப்பு எழுதியிருந்தார்கள். எலுமிச்சம்பழம், வினிகர், ஆப்ப சோடா. இவ்வளவுதானாம். கடைசி வரியில், 'புத்தம் புதிது போல் மணக்கும்' என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தார்கள். இந்த மூன்றோடு புளி, பூந்திக்கொட்டை, சாம்பிராணி ஆகியவற்றையும் போட்டுப் பார்த்தவன் நான். அதுவும் ராயபுரத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், அப்படி ஒரு மெஷின் உண்டு என்று சொன்னாலே ஆளை மேலும் கீழும் பார்த்த காலத்தில். ஆகவே இந்தத் துறையில் எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறது.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா. வருகிற சாமான்களைச் சுங்கத்திலிருந்து மீட்பதும் போகிற சாமான்களைக் கப்பலில் ஏற்றுவதும் எங்கள் தொழில். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அவர் வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடைக்க நான் போனேன். எல்லாவற்றையும் அடைத்த பிறகு பாத்திரம் தேய்க்கும் மெஷின் மட்டும் வெளியே நின்றது. எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. இன்ஜினியர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெஷினின் தலையைத் தட்டி, நீயே வைத்துக்கொள் என்றார். அதை நன்றி என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

நான் அதை வாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வாரம்தான் என் மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, என்னைக் கட்டிக்கொண்ட ஒரே பிழையைத் தவிர வேறு பிழை செய்யாதவள். உத்தரவு வந்த அன்றே போய் ஒரு குடை வாங்கி வந்தாள். அதைக் கூடத்து ஆணியில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

என் அம்மாவுக்கு மருமகள் வேலைக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை. பத்துப்பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதில்தான் ஆட்சேபணை. குழாயடியில் குந்தித் தேய்த்துத் தேய்த்து அவர் முழங்கால் இரண்டும் போயிருந்தன. மருமகள் வந்து மீட்டுக் கொடுத்த முழங்கால்களை மறுபடியும் அடகு வைக்க அவர் தயாராக இல்லை. ஆள் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வெளியாள் கை தன் மீன் சட்டியில் படக்கூடாது என்றார். ஆக, மருமகள் போனால் தேய்க்க ஆளில்லை. அந்த வீட்டில் நான் என்று ஒருவன், இரண்டு கையும் ஒழுங்காக உள்ளவன், இருப்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை, மனைவிக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் என்ன ஆச்சரியம்.

இந்த நிலையில்தான் மெஷின் வந்தது. கடவுளே அனுப்பியது போலிருந்தது. ஆனால் அனுப்பியவர் வண்டி அனுப்பவில்லை. எண்ணூரில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து, மெஷினை அதன் பலகையில் ஏற்றி, நானும் ஒரு ஓரமாகத் தொற்றிக்கொண்டேன். திருவொற்றியூர் வந்ததும், ஆபீசில் தேடுவார்களே என்று, விலாசத்தைச் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன். மாலையில் நான் வீடு சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வண்டி வந்தது. வழியில் காசிமேட்டில் ஒரு சின்ன லோடு இறக்க வேண்டியிருந்தது என்றான் வண்டிக்காரன். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

கதவு முன்பக்கமாகக் கீழே சாயும். உள்ளே கம்பியால் செய்த இரண்டு தட்டுகள். அம்மா குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, மாதா செலய வைக்கிற கெபி மாதிரி கீது? உள்ள யார வைக்கப்போற?"

டம்ளரை என்றேன்.

எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் மெஷினுக்குள் ஏறுகிற வேகத்தில் வந்ததே கிடையாது. எனவே முற்றத்துக் குழாயில் பிடித்து, வாளி வாளியாகக் கொண்டுவந்து மெஷினுக்குள் ஊற்றினோம். நாலு டம்ளரைத் தேய்க்காமலிருக்க இரண்டு பேர் இவ்வளவு தண்ணீர் சுமந்தது அந்த வட்டாரத்திலேயே முதல் முறை. ஸ்விட்சைப் போட்டதும் வீட்டு விளக்குகள் எல்லாம் மங்கி, மரியாதை செலுத்தின. உள்ளே தண்ணீர் சூடேறி, சுழன்று, தடதடவென்று அடித்தது. அடுத்த போர்ஷன்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். முடிந்து திறந்தபோது எவர்சில்வர் டம்ளர்கள் பளபளத்தன. ஆவி பறந்தது. என் மனைவி குடையைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அம்மா மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தார். தினமும் போவார். பூசையில் நன்மை என்னும் திருவிருந்து அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். ரோமாபுரி அதைத் தளர்த்திவிட்டது, அம்மா தளர்த்தவில்லை. எனவே திருவிருந்துக்கு அடுத்தபடியாக அவர் வாயில் படுவது காப்பிதான். மெஷின் தேய்த்த டம்ளரில் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நன்மை வாங்கின வாயில நெத்திலிய வைக்கிறீங்களேடா."

நானும் முகர்ந்து பார்த்தேன். நெத்திலிதான், சந்தேகமே இல்லை. மனைவி முகர்ந்துவிட்டு டம்ளரை உள்ளே எடுத்துப் போனாள்.

அன்றே அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை; நியாயஸ்தலத்தில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சி வந்து நான் குடிக்கிற காப்பில காப்பி வாசன மட்டும் வரணும். வந்துச்சின்னா அவ திங்கக்கிழம கொடைய எத்துகினு போவட்டும். வரலன்னா வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வூட்டோட கெடக்கட்டும்."

ஆக ஒரு பெண்ணின் உத்தியோகம் ஒரு டம்ளரின் வாசனையில் தொங்கியது. உலகத்தில் சாம்ராஜ்யங்கள் இதைவிட அற்பமான காரணங்களுக்காகக் கவிழ்ந்திருப்பதாகப் படித்திருக்கிறேன். ஆனால் அவற்றில் எதுவும் என் சமையலறையில் கவிழவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு ரிடையர்டு ஃபயர்மேன் இருந்தார். தீயணைப்பவர் அல்ல, பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ரிடையரான பிறகு கரி அள்ளிப் போட எதுவும் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தார். மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். காதை வைத்துக் கேட்டார்.

"பாய்லருன்னா பாய்லருதான் மாமு. இதுக்குப் பின்னால ரயிலு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்."

அன்றிலிருந்து மெஷின் அவர் பொறுப்பில் போயிற்று. யாரும் கொடுக்கவில்லை; அவராக எடுத்துக்கொண்டார்.

முதல் வைத்தியம் எலுமிச்சம்பழம். தெருமுனையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். அவரிடம் பழம் வாங்கி, பாதி பாதியாக நறுக்கி, மேல்தட்டில் டம்ளர் கவிழ்க்கும் இடத்தில் வரிசையாகக் கவிழ்த்தோம். ஃபயர்மேன் ஒரு கை கல்லுப்பும் போட்டார். மெஷின் ஓடியது. திறந்தால் நாற்றம் போயிருந்தது என்றே சொல்ல வேண்டும். நாற்றமாக இருந்தது வாசனையாக மாறியிருந்தது. பொரித்த நெத்திலி மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குப் பசித்தது. அதை நான் வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது புளி. பாய்லருக்குள் உப்பு படிந்தால் அதை அறுப்பது புளிதான் என்று ஃபயர்மேன் சத்தியம் செய்தார். எந்த ரயில் இன்ஜினுக்கு எந்தக் காலத்தில் புளி கரைத்து ஊற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டி நம்பரோடு சொல்லியிருப்பார். ஒரு பெரிய உருண்டைப் புளியை வெந்நீரில் கரைத்து, கொட்டையும் நாருமாக அப்படியே ஊற்றினார். வடிகட்டினால் சத்துப் போய்விடுமாம். மெஷின் சூடேறி, சுழற்றிச் சுழற்றிப் புளித்தண்ணீரை அடித்தது. சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா நைனா, வூட்ல விசேஷமா? கொழம்பு வாசன தூக்குது."

எங்கிருந்தோ ஒரு பூனை வந்து மெஷினுக்கு முன்னால் கால்களை மடக்கி உட்கார்ந்தது. பூனைகளிடம் எனக்குப் பொதுவாக மதிப்பு உண்டு. அன்று அது சொல்ல வந்ததை நாங்கள் யாருமே கேட்கவில்லை. மெஷின் நின்று, வடிகிற தண்ணீர் சாக்கடைக்குப் போகும்போது ஃபயர்மேன் அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

மூன்றாவது நாள் அண்ணாச்சியே விசாரித்தார். பழமும் புளியும் இவ்வளவு வாங்குகிறீரே, வீட்டில் ஏதும் கல்யாணமா என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, வியாபாரி. அலமாரியிலிருந்து இரண்டு பொருளை எடுத்து வைத்தார்.

"ஆப்ப சோடாவ தூவி, மேல வினிகர ஊத்தும் தம்பி. பொங்கும். பொங்குனா எப்பேர்ப்பட்ட அழுக்கும் போயிரும்."

இப்போது பத்திரிகையில் எழுதியிருப்பது இதைத்தான். அண்ணாச்சி அந்தக் குறிப்பை எழுதிய அம்மையாருக்கு எத்தனையோ வருஷம் முந்தியவர். அவர் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் விபரீதம் எதுவும் நடந்திருக்காது. ஆனால் ஃபயர்மேனுக்கு அந்தப் பொங்கல் போதவில்லை. ஸ்டீம் வந்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்புகிறவர். மனைவி பட்டுப்புடவை அலச வைத்திருந்த பூந்திக்கொட்டையைத் தட்டி, ஊறவைத்து, அதையும் ஊற்றிவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது நுரை சமையலறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாசற்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபயர்மேன் இடுப்பளவு நுரையில் நின்று, எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டினார். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார். எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாமே, கடலு உங்க வூட்டாண்டயே வந்துட்ச்சா?"

அம்மா வாசலை விட்டு நகர்ந்தார். உள்ளே வந்து, நுரை அடங்கும் வரை காத்திருந்து, கீழ்த்தட்டில் ஒரு டம்ளரை வைத்து, மெஷினை ஒரு முறை ஓடவிட்டு, எடுத்து முகர்ந்தார். பட்டுப்புடவை கட்டிய நெத்திலி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா மெஷின் தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பந்தயம் வைத்தவர், ஆனால் கள்ளாட்டம் ஆடுகிறவரல்ல. சனிக்கிழமை மதியம் அவராகவே தணலை அள்ளி, சாம்பிராணி தூவி, கரண்டியோடு மெஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். புகை அடங்கியதும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போய்விட்டார். நான் கதவைத் திறந்தேன். கட்டுமரத்தில் பெரிய பூசை வைத்தால் வரக்கூடிய வாசனை. மெஷின், ஆத்துமாக்கள் பாவக்கறை போகக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தது. எப்போது விடுதலை என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அந்த வண்டிக்காரன் எண்ணூர்லேர்ந்து நேராவா வந்தான்?"

காசிமேட்டு மீன் துறையில் ஏதோ சின்ன லோடு என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தட்டுகளை வெளியே இழுத்தாள். அடியில் ஒரு சல்லடை திருகு போட்டு மூடியிருந்தது. என் சட்டைப்பையிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்து, திருகில் வைத்துத் திருப்பினாள். சல்லடை கழன்று வந்தது. கீழே குழியில், புளி நாரும் பூந்திக்கொட்டைத் தோலும் எலுமிச்சை விதையும் சுற்றியிருக்க, ஒரு கைப்பிடி நெத்திலி. நன்றாக வெந்திருந்தன.

வண்டிக்காரனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் கண்ணால் பார்த்தால் தெரியும். ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கம்பித் தட்டு, இறுக மூடுகிற கதவு. மீன் ஏற்ற இதைவிட வசதியாக யாரும் ஒரு பெட்டி செய்ததில்லை. காலி வண்டியாகப் போவானேன் என்று எண்ணூரில் யாரோ கொடுத்த மீனை ஐஸோடு தட்டில் அடுக்கி, காசிமேட்டில் இறக்கியிருக்கிறான். சிறு மீன்கள் கம்பி இடுக்கில் நழுவி, சல்லடை ஓரமாகக் கீழே இறங்கியிருக்கின்றன. நாங்கள் அந்த வாரம் முழுவதும் அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து, கல்லுப்புப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, பதமான சூட்டில் கொதிக்கவிட்டோம். சுத்தம் செய்ததாக நினைத்துக்கொண்டு மீன் குழம்பு வைத்திருந்தோம். பூனைக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது.

மனைவி எல்லாவற்றையும் அள்ளிப் பூனைக்குப் போட்டாள். மீதமிருந்த சோடாவைத் தூவி, பாதி எலுமிச்சம்பழத்தால் உள்ளே மூலை மூலையாகத் தேய்த்தாள். வெந்நீர் விட்டு அலசித் துணியால் துடைத்தாள். நான் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இரும்பு வாசனை மட்டும். இந்த இடத்தில் பத்திரிகைக்காரம்மா சொல்வதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். புத்தம் புதிது போல்தான் இருந்தது.

மதியத்துப் பாத்திரங்களை உள்ளே அடுக்கி, தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டோம். விளக்குகள் மங்கின. உர்ர் என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். தண்ணீர் சுழலவில்லை, அடிக்கவில்லை. ஃபயர்மேன் வந்து காதை வைத்துக் கேட்டார். நோயாளியின் மார்பில் வைத்த காதை எடுக்கிற டாக்டர் போல மெதுவாக எடுத்தார்.

"பம்ப்பு பூட்ச்சி மாமு. புளி நாரு உள்ள சுத்திகிச்சி."

வடிகட்டினால் சத்துப் போய்விடும் என்று சொன்னது யார் என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவருக்கே நினைவிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அவர் போர்ஷனுக்குப் போனார்.

ஆக, மெஷின் சுத்தமாகிவிட்டது. எந்த வாசனையும் இல்லை. பாத்திரம் மட்டும் தேய்க்காது.

கோவிலில் சாயங்காலத் திரிகால ஜெப மணி அடித்தது. அம்மா வருகிற நேரம். மனைவி பாத்திரங்களை எடுத்து முற்றத்தில் போட்டாள். தேய்க்கிற தேங்காய் நாரைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு உட்காராமல் நின்றாள். ஆணியில் குடை தொங்கியது. இன்னும் கடைக்காரன் சுற்றிய காகிதம் கைப்பிடியில் பிரிக்கப்படாமல் இருந்தது.

"இன்னிக்கு நான் தேச்சிடுவேன். திங்கக்கிழம யாரு?"

இதை அவள் என்னிடம் கேட்கவில்லை. மெஷினிடம்தான் கேட்டாள். மெஷின் உர்ர் என்றது. அது பதிலாகாது. யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே இருந்தது மெஷினும் நானும் பூனையும். பூனை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் நாரை வாங்கிக்கொண்டேன்.

பாத்திரங்களைச் சமையலறைக்குள்ளேயே எடுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். மெஷினை அணைக்காமல் ஓடவிட்டேன், சத்தத்துக்காக. அதன் உர்ருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, என் வாழ்க்கையின் முதல் டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். படித்த புத்தகங்கள் எதுவும் உதவவில்லை. டம்ளருக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதும் அதற்குள் கை போகாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. மனைவி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அங்கே பிசுக்கு, இங்கே பிசுக்கு என்று விரலால் காட்டினாள். அவளைச் சிரிப்போடு நான் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. தேய்த்ததை எல்லாம் அலசி, மெஷினின் தட்டுகளில் ஒழுங்காக அடுக்கினேன். அம்மா வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டதும் ஸ்விட்சை அணைத்தேன். விளக்குகள் பிரகாசமாயின. அம்மா வந்து நிற்க, மனைவி மெஷினின் கதவைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வந்தார். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். அங்கே கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

"காப்பில காப்பி வாசனதான் கீது," என்றார். மிச்சத்தையும் குடித்தார்.

திங்கட்கிழமை என் மனைவி குடையை எடுத்துக்கொண்டு போனாள். மழையும் இல்லை, வெயிலும் ஏறவில்லை. ஆனாலும் வாசலிலேயே விரித்துக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சாயங்காலம் தவறாமல் மெஷின் ஓடியது. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளிநாட்டு மெஷின், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்று ஃபயர்மேன் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். புளிக்குப் பிராயச்சித்தமாக இருக்கலாம். விளக்கு மங்கும். உர்ர் என்று சத்தம் வரும். தெருவில் போகிறவர்கள், வசதியான வீடு என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து, கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தேன். அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அந்த மெஷினாண்ட சொல்லுடா. சோத்து குண்டானுக்கு உள்ள மட்டும் தேச்சா பத்தாது. பின்னாடி கரி அப்டியே கீது."

சொல்கிறேன் என்றேன்.

"பித்தள சொம்புக்கு புளி போடச் சொல்லு," என்றார். அடுத்த மணியை உருட்டினார்.

மெஷினிடம் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை சொம்புக்குப் புளி போட்டுத்தான் தேய்க்கிறது.